குழந்தைகளுக்கு மண்டேலாவைச் சொல்லிக்கொடுப்பது எப்படி? மன்னிப்பைக் கடைசியில் வையுங்கள்

"நெல்சன் மண்டேலா 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் எல்லோரையும் மன்னித்தார். நோபல் பரிசு வாங்கினார்." பேச்சுப் போட்டிக்கு நாம் எழுதிக்கொடுக்கும் வரிகள் பெரும்பாலும் இவ்வளவுதான். இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் இதை மட்டும் கேட்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன போய்ச் சேரும்? யார் என்ன செய்தாலும் பொறுத்துப் போ, கடைசியில் மாலை போடுவார்கள் என்பதுதான். மண்டேலா பொறுத்துப் போனவர் இல்லை. சட்டத்தை மீறினார், ஆயுதப் படை ஒன்றைத் தொடங்கினார், நிபந்தனை போட்டு விடுதலை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று சிறையிலேயே உட்கார்ந்துகொண்டார். அதெல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் மன்னித்ததற்கு எடை வரும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம். எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அநீதி முதலில், எதிர்ப்பு அடுத்து, சிறை அதற்குப் பின், மன்னிப்பு கடைசியில். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு படிக்கு ஒரு மாலை என்று வைத்துக்கொண்டாலே போதும்.

படி 1: முதலில் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள்

பிள்ளையிடம் தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேசும் முன், நம் வீட்டில் தோல் நிறத்தைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். "பொண்ணு கொஞ்சம் மாநிறம், ஆனா களையா இருப்பா" என்பதில் வரும் அந்த 'ஆனா'வைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். வெயிலில் விளையாடினால் கறுத்துவிடுவாய் என்று அதட்டிவிட்டு, மாலையில் நிறவெறி தவறு என்று பாடம் நடத்தினால் எது நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லோரையும் திருத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை. பிள்ளையே "நம்ம பாட்டியும் அப்படித்தானே சொல்றாங்க?" என்று கேட்டால், "ஆமாம், அது தப்புதான்" என்று சொல்லும் துணிவு நமக்கு இருந்தால் போதும்.

படி 2: ஒரு சின்னப் பையனில் தொடங்குங்கள் (5 வயது முதல்)

வெள்ளை முடியும் பூப்போட்ட சட்டையுமாக இருக்கும் தாத்தா படத்தை எடுத்து வைக்காதீர்கள். 1918 ஜூலை 18 அன்று ம்வேசோ என்ற சிற்றூரில் பிறந்து, பக்கத்தில் குனு கிராமத்தில் ஆடு மாடு மேய்த்து வளர்ந்த பையனைக் காட்டுங்கள். வீட்டில் வைத்த பெயர் ரோலிலாலா. பள்ளியில் சேர்ந்த முதல் நாள் ஆசிரியை வைத்த பெயர்தான் நெல்சன். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டுவது அன்றைய பள்ளிகளின் வழக்கம். "உன் பெயரை டீச்சர் மாற்றினால் நீ என்ன செய்வாய்?" என்று இந்த இடத்திலேயே கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்கள் பெரியவர்களின் பதில்களைவிடச் சுவையாக இருக்கும்.

அந்த முதல் நாளுக்கு அவனிடம் கால்சட்டை கிடையாது. அதுவரை போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு திரிந்த பையன். அப்பா தன்னுடைய கால்சட்டையை முழங்கால் அளவில் வெட்டி, இடுப்பில் கயிறு கட்டி அனுப்பினார். அப்படி ஓர் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவ்வளவு பெருமையாக இருந்தது என்று மண்டேலா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கால்சட்டை இந்தக் கதையில் பின்னால் இன்னொரு முறை வரும். நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.

கழுதைக் கதையையும் விடாதீர்கள். பையன்கள் வரிசையாக ஒரு கழுதை மேல் ஏறிச் சவாரி செய்கிறார்கள். இவன் முறை வந்தபோது கழுதை முள்புதருக்குள் ஓடிக் கீழே தள்ளிவிட்டது. முகமெல்லாம் கீறல், நண்பர்கள் எல்லோரும் சிரிப்பு. தள்ளியது கழுதைதான் என்றாலும், பலர் முன்னால் அவமானப்படுவது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டதாகவும், அதன்பின் எதிராளியைத் தோற்கடித்தாலும் அவமானப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்ததாகவும் அவரே சொல்கிறார். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் பற்றி இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களோடு இந்தப் படியிலேயே நின்றுவிடலாம்.

படி 3: அநீதியைச் சட்டமாகக் காட்டுங்கள் (8 வயது முதல்)

பெரும்பாலான பெற்றோர் சறுக்கும் இடம் இதுதான். "வெள்ளைக்காரர்கள் கெட்டவர்கள், கறுப்பர்களை அடித்தார்கள்" என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு வில்லன் கிடைத்துவிடுவான், விஷயம் புரியாது. தென்னாப்பிரிக்காவில் நடந்தது சில முரடர்களின் வேலை கிடையாது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து, அரசிதழில் அச்சிட்டு, குமாஸ்தாக்கள் பதிவேட்டில் எழுதி நடத்திய அநீதி. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி அதற்கு 'அபார்தைட்' என்று பெயர் வைத்தது. தமிழில் இனஒதுக்கல் என்கிறோம்.

1950இல் வந்த பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப்பெட்டிக்குள் அடைத்தது: வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார், பின்னர் இந்தியர். எந்தப் பெட்டி என்று சந்தேகம் வந்தால் அதிகாரிகள் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்த கதைகள் உண்டு. பென்சில் நழுவி விழுந்தால் ஒரு வாழ்க்கை, முடியில் சிக்கி நின்றால் வேறு வாழ்க்கை. அதே ஆண்டின் இன்னொரு சட்டம் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று தீர்மானித்தது. 1953இல் பேருந்து, பூங்கா, கடற்கரை, கழிப்பறை எல்லாம் பிரிக்கப்பட்டன. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியாக, மட்டமான கல்வி என்பதும் அதே ஆண்டுச் சட்டம்தான். 16 வயதைத் தாண்டிய கறுப்பினத்தவர் ஊருக்குள் நடமாட அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்தால் சிறை.

சட்டங்களை ஒப்பிக்க வைக்காதீர்கள். பிள்ளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து, பேருந்து ஏறி, பள்ளிக்குப் போய், மாலையில் பூங்காவில் விளையாடி, கடையில் ஐஸ்கிரீம் வாங்கித் திரும்பும் நாள். அதைத் தாளில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு சட்டமாகச் சொல்லச் சொல்ல எது அடிபடும் என்று கோடு போடச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு நீங்கள் பேச வேண்டிய தேவை குறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வகுப்பில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்துக்கு மிட்டாய், மறுபக்கத்துக்கு ஒன்றுமில்லை என்று 'நடித்துக் காட்டும்' விளையாட்டைச் சில ஆசிரியர்கள் விரும்புவார்கள். சின்ன வகுப்பில் செய்யாதீர்கள். அவமானத்தைக் கற்பிக்க ஒரு பிள்ளையை அவமானப்படுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே ஏதோ ஒரு காரணத்துக்காக ஒதுக்கப்படும் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால் அதற்கு அது விளையாட்டாகவும் இருக்காது.

படி 4: நம்மவர்கள் எங்கே இருந்தார்கள் என்று சொல்லுங்கள்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு வேற்றூர்க் கதை இல்லை. மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை பெயரைப் பிள்ளைகள் எங்காவது கேட்டிருப்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். 1913இல் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்று, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். மண்டேலா பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

பெருமையோடு இதை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். அபார்தைட் ஏணியில் இந்தியர்கள் கீழே மிதிக்கப்பட்டார்கள், ஆனால் கறுப்பினத்தவருக்கு ஒரு படி மேலே வைக்கப்பட்டார்கள். மண்டேலா சட்டம் படித்த காலத்தில் மூன்று இந்திய நண்பர்களோடு ஜோகன்னஸ்பர்க்கில் டிராம் ஏறினார். இந்தியர்கள் ஏறலாம், கறுப்பினத்தவர் ஏறக் கூடாது என்பது விதி. நடத்துநர் மண்டேலாவைக் கேவலமான சொல்லால் குறிப்பிட்டு, இந்த நண்பனை ஏற்ற உங்களுக்கு அனுமதியில்லை என்றார். நண்பர்கள் இறங்கிப் போகவில்லை, சண்டை போட்டார்கள். காவலர் வந்தார், வழக்கு நீதிமன்றம் வரை போனது.

ராபன் தீவுச் சிறையில் இன்னும் அப்பட்டம். 1964இல் மண்டேலாவோடு தீவுக்குப் போன கைதிகளில் அகமது கத்ராடா ஒருவர்தான் இந்தியர், அவர்களில் இளையவரும் அவரே. அவருக்கு முழுக்கால்சட்டை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அரைக்கால்சட்டை. கறுப்பின ஆண் எவ்வளவு வயதானவனாக இருந்தாலும் 'பையன்'தான் என்பது சிறையின் கணக்கு. சாப்பாட்டுப் பட்டியலிலும் இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் ரொட்டி, ஜாம் உண்டு, கறுப்பினத்தவருக்குக் கிடையாது. மண்டேலா எதிர்ப்புத் தெரிவித்தார். சில நாள் கழித்து அவர் அறைக்குள் ஒரு பழைய முழுக்கால்சட்டையைத் தூக்கிப் போட்டார்கள். மகிழ்ச்சி தாங்கவில்லை அவருக்கு. ஆனாலும் போடும் முன் மற்றவர்களுக்கும் வந்ததா என்று விசாரித்தார். வரவில்லை. திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் முழுக்கால்சட்டை கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

அப்பா வெட்டிக் கொடுத்த கால்சட்டையை இங்கே பிள்ளைகள் தாமாகவே நினைவுபடுத்துவார்கள். அதைவிட ஒரு கேள்வியை அவர்கள் முன் வையுங்கள்: "கத்ராடா இடத்தில் நீ இருந்தால் முழுக்கால்சட்டையைப் போட்டுக்கொள்வாயா?" அநீதி நம்மை ஒரு படி மேலே உட்கார வைத்து வாயை அடைக்கும் என்பது பெரியவர்களுக்கே பிடிபடாத விஷயம். பத்து வயதில் இந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டுவது நல்லது. தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு அதே தீவில் பத்து ஆண்டுகள் சிறையிருந்தார் என்பதையும் சொல்லுங்கள். தாத்தா தம்பி நாயுடு, காந்தியோடு சிறை சென்றவர். பேரன் மண்டேலாவின் இயக்கத்துக்காக.

இந்த இடத்தில்தான் "நம்ம ஊர்ல இப்படி இருக்கா?" என்ற கேள்வி வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். இரட்டைக் குவளையைப் பற்றி, தனிச் சுடுகாட்டைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரியும் வயதென்றால் சொல்லிவிடுங்கள். இனமும் சாதியும் ஒன்றேதான் என்று சமன்பாடு போட வேண்டாம். பிறப்பைப் பார்த்து மனிதரைத் தரம் பிரிப்பது இரண்டிலும் உண்டு என்பது வரை சொன்னால் போதும். மழுப்பினால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

படி 5: எதிர்ப்பைச் சொல்லுங்கள், ஆயுதத்தை மறைக்காதீர்கள்

1952இல் மண்டேலாவின் இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசும் சேர்ந்து சட்டமறுப்பு இயக்கம் நடத்தின. வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய வாசல் வழியாக வேண்டுமென்றே நுழைந்து கைதானார்கள், 8,000 பேருக்கு மேல். 1956 ஆகஸ்ட் 9 அன்று அனுமதிப் புத்தகத்தை எதிர்த்துச் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுக்குத் திரண்டு போனார்கள். போராட்டம் என்றாலே ஆண் தலைவர் ஒருவர் கையை உயர்த்தி நிற்கும் படம்தான் பிள்ளைகள் மனதில் இருக்கும், அதனால் இந்தப் பெண்களின் ஊர்வலத்தைக் கண்டிப்பாகச் சேருங்கள்.

1960 மார்ச் 21, ஷார்ப்வில். ஆயுதமில்லாத கூட்டத்தின் மேல் காவல்துறை சுட்டு 69 பேர் செத்தார்கள். அடுத்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரசே தடை செய்யப்பட்டது. 1961இல் மண்டேலாவும் தோழர்களும் ஆயுதப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். மின்நிலையங்கள், அரசுக் கட்டடங்கள் இலக்கு. உயிர்ச்சேதம் கூடாது என்பது தொடக்கத்தில் இட்ட கட்டளை.

இந்தப் பகுதியைக் குழந்தைகளுக்கான சொற்பொழிவுகள் நைசாகத் தாண்டிவிடுகின்றன. பத்து வயதுக்கு மேல் தாண்டாதீர்கள். "காந்தி மாதிரி இல்லையா அப்போ?" என்று கேட்பார்கள். இல்லைதான். அகிம்சை தனக்கு மாறாத கொள்கை இல்லை, பலன் தரும் வரை கையாளும் உத்தி என்று மண்டேலாவே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி அவரைத் தொடர்ந்து மனசாட்சிக் கைதியாக (வன்முறையை நாடாமல் கொள்கைக்காகச் சிறையில் இருப்பவராக) ஏற்க மறுத்ததற்கும் இதுதான் காரணம். அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்க 2008 ஆயிற்று. அவர் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிப் பிள்ளையின் வாயை மூடிவிட வேண்டாம். எல்லா வாசலும் அடைபட்டவர்கள் என்னதான் செய்வது என்ற கேள்வி மேசை மேலேயே கிடக்கட்டும்.

1964இல் ரிவோனியா வழக்கில், அதாவது இந்த ஆயுதப் போராட்டத்துக்காக அவர்மேலும் தோழர்கள்மேலும் நடந்த வழக்கில், குற்றவாளிக் கூண்டில் நின்று அவர் பேசியதன் கடைசிப் பகுதியை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடினேன், கறுப்பர் ஆதிக்கத்தையும் எதிர்த்துப் போராடினேன்; எல்லோரும் சமமாக வாழும் நாடு என் இலட்சியம், தேவைப்பட்டால் அதற்காக உயிரைக் கொடுக்கவும் தயார் என்றார். தூக்குத் தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்து நின்ற நேரத்தில் பேசிய பேச்சு இது. சிறை அவரைக் கனியவைத்து மன்னிக்கச் செய்தது என்கிற கதையை நான் அதிகம் நம்பாததற்குக் காரணமும் இதுதான். இந்த நாடு கறுப்பர் வெள்ளையர் இருவருக்கும் சொந்தம் என்று அவருடைய இயக்கத்தின் சாசனம் 1955லேயே எழுதிவிட்டது. மன்னிப்புக்கான அடித்தளம் தீவுக்குப் போகும் முன்பே போட்டாயிற்று.

படி 6: சிறையை அளந்து பாருங்கள்

சுண்ணக்கட்டி எடுத்து மொட்டைமாடியில் 8 அடிக்கு 7 அடி ஒரு கட்டம் வரையுங்கள். பிள்ளை அதற்குள் படுக்கட்டும், பிறகு அப்பா படுக்கட்டும். உயரமான மண்டேலா படுத்தால் கால் ஒரு சுவரைத் தொடும், தலை எதிர்ச்சுவரை உரசும். 1964 முதல் 1982 வரை ராபன் தீவில் அவருடைய கைதி எண் 466/64.

தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், 500 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரே ஒருவர் வந்து பார்க்கலாம். தணிக்கை அதிகாரிகள் பிடிக்காத வரிகளைப் பிளேடால் வெட்டி எடுத்தார்கள். பிள்ளையை ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, பள்ளி, நண்பர்கள், உடம்பு சரியில்லாதது பற்றிய வரிகளையெல்லாம் வெட்டிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் வீட்டில் ரகளைதான்.

சுண்ணாம்புக்கல் குவாரியில் ஆறு மாத வேலை என்றார்கள், 13 ஆண்டுகள் ஓடின. வெள்ளைக் கல்லில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுத்தது, கறுப்புக் கண்ணாடிக்கு அனுமதி வாங்கவே கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். 1968இல் அம்மா இறந்தார், அடுத்த ஆண்டு மூத்த மகன் கார் விபத்தில் இறந்தான். இரண்டு அடக்கத்துக்கும் போக விடவில்லை.

பிள்ளைகளை உண்மையில் உலுக்குவது வேறொரு விதி: 2 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் சிறைக்கு வந்து பார்க்கக் கூடாது. அவர் கைதானபோது கடைசி மகள் ஜின்ட்ஸிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. "நான் போய் நீ பத்தாம் வகுப்பு முடிக்கும்போதுதான் திரும்ப என் முகத்தைப் பார்ப்பாய்" என்று சொன்னால் பிள்ளைக்கு உடனே விளங்கும். ஆனால் இரவு படுக்கப் போகும் நேரத்தில் இந்தப் பகுதியைத் தொடாதீர்கள்.

படி 7: இப்போது மன்னிப்பு (10 வயது முதல்)

மன்னிப்புக்கு முன்னால் ஒரு மறுப்பு இருக்கிறது, அதில் தொடங்குங்கள். 1985இல் அதிபர் போத்தா, வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்றார். மண்டேலாவின் பதிலை மகள் ஜின்ட்ஸி சோவெட்டோ மைதானத்தில் கூட்டத்தின் முன் வாசித்தார். மக்கள் விடுதலையாகாமல் எனக்கென்ன விடுதலை என்பதே அதன் சாரம். இன்னும் ஐந்து ஆண்டுகள் உள்ளே. 1990 பிப்ரவரி 11 அன்று நிபந்தனையில்லாமல் வெளியே வந்தார்.

வந்த கையோடு எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. 1993 ஏப்ரல் 10 அன்று, மக்கள் உயிராக நேசித்த இளம் தலைவர் கிரிஸ் ஹானியை வெள்ளை இனவெறியன் ஒருவன் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். நாடு பற்றி எரியும் நிலை. மண்டேலா அப்போது எந்த அரசுப் பதவியிலும் இல்லை. ஆனாலும் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியது அவர்தான். கொன்றவன் ஒரு வெள்ளையன், ஆனால் உயிரைப் பணயம் வைத்து அவன் கார் எண்ணைக் காவல்துறைக்குச் சொல்லிப் பிடித்துக் கொடுத்ததும் ஒரு வெள்ளைப் பெண்மணி என்றார். அவர் பொய்யான ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, கொலையைச் சின்னதாக்கவில்லை. உண்மையின் இன்னொரு பாதியையும் சேர்த்துச் சொன்னார், அவ்வளவுதான். கோபத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய திறமை இது. 'எல்லாப் பசங்களும் அப்படித்தான்' என்று அழுதுகொண்டு வரும் நாளில் நினைவுபடுத்தலாம்.

ஹானியின் கொலைக்குப் பின், எல்லா இனத்தவரும் ஓட்டுப் போடும் முதல் தேர்தலின் தேதி உறுதியானது. 1994 ஏப்ரல் 27. அதிபரான பின் செய்தவற்றில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரிவோனியா வழக்கில் தன்னைச் சிறைக்கு அனுப்ப வாதாடிய அரசு வழக்கறிஞர் பெர்சி யூட்டாரை மதிய விருந்துக்கு அழைத்தார். அபார்தைட்டின் சிற்பி என்று சொல்லப்படும் பிரதமர் ஃபெர்வூர்டின் விதவையை, 94 வயது மூதாட்டியை, வெள்ளையர் மட்டும் குடியிருக்கும் ஒரானியா ஊருக்கே தேடிப் போய்ப் பார்த்துத் தேநீர் அருந்தினார். இரண்டும் 1995இல் நடந்தவை.

மூன்றாவது ரக்பி. நம் பிள்ளைகளுக்கு ரக்பி தெரியாது, கிரிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை உலகக் கிரிக்கெட் 1970 முதல் 1991 வரை ஒதுக்கி வைத்தது. திரும்பி வந்து முதலில் ஆடிய இடம் கொல்கத்தா. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் எதிரே தென்னாப்பிரிக்கா என்பதால் ஆடவே மாட்டோம் என்று இந்தியா கோப்பையை விட்டுக்கொடுத்தது. நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் ஆடிய அணி அது. இப்போது ரக்பிக்கு வாருங்கள். ஸ்பிரிங்பாக் அணியின் பச்சைச் சட்டை கறுப்பினத்தவருக்கு வெள்ளை ஆதிக்கத்தின் சின்னம். அந்த அணி யாரோடு ஆடினாலும் எதிரணிக்குத்தான் கை தட்டுவார்கள். 1995 ஜூன் 24 அன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு மண்டேலா அதே பச்சைச் சட்டையை, அணியின் வெள்ளைக் கேப்டன் பியனாரின் 6ஆம் எண்ணோடு, போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார். "எதிரியின் சட்டையை ஏன் போட்டார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பயத்தில் போட்டாரா, பதவியில் இருந்து போட்டாரா என்ற வேறுபாட்டுக்குப் பிள்ளை தானாக வந்து சேரும்.

படி 8: எல்லோரும் மன்னிக்கவில்லை (13 வயது முதல்)

1996இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர்கள் செய்தது முழுவதையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்புப் பெறலாம். மறைத்தால் கிடையாது. விண்ணப்பித்த 7,000க்கும் மேற்பட்டவர்களில் சுமார் 850 பேருக்குத்தான் கிடைத்தது. மன்னிப்பு அங்கே அள்ளித் தெளிக்கப்படவில்லை.

பதின்வயதுப் பிள்ளைகள் முன் இரண்டு குடும்பங்களை வையுங்கள். ஸ்டீவ் பீக்கோ என்ற இளம் தலைவர் 1977இல் காவலில் அடிபட்டு இறந்தார். அவருடைய குடும்பம், எங்களுக்கு நீதிமன்றத்தில் நீதி வேண்டும், உங்கள் பொதுமன்னிப்பு வேண்டாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஆனால் அந்தக் காவலர்களின் மன்னிப்பு விண்ணப்பத்தையும் ஆணையம் பின்னால் நிராகரித்தது. இன்னொரு பக்கம் ஏமி பீல் என்ற அமெரிக்க மாணவி. கறுப்பின மக்களுக்காக வேலை செய்ய வந்து, 1993இல் கறுப்பின இளைஞர் கும்பலால் கொல்லப்பட்டாள். அவளுடைய பெற்றோர் ஆணையத்தின் முன் கொலையாளிகளின் விடுதலையை எதிர்க்கவில்லை. பின்னர் அவர்களில் இருவருக்கு மகள் பெயரில் தொடங்கிய அறக்கட்டளையில் வேலையும் கொடுத்தார்கள்.

இரண்டில் எந்தக் குடும்பம் சரி என்று விவாதம் வையுங்கள். அம்மாவோ அப்பாவோ நடுவராக உட்கார வேண்டாம். நீங்களும் ஒரு கட்சியில் சேர்ந்து பேசுங்கள். இன்றைய தென்னாப்பிரிக்க இளைஞர்கள் பலர், நிலமும் பணமும் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருக்கிறது, மண்டேலா விட்டுக்கொடுத்தது அதிகம் என்று கோபப்படுகிறார்கள். அந்தக் குரலும் விவாதத்தில் இருக்கட்டும்.

செய்யக்கூடாத ஒன்று

பள்ளியில் ஒரு பையன் உங்கள் மகளைத் தினமும் கேலி செய்கிறான் என்று வையுங்கள். "மண்டேலா மன்னிக்கலையா? நீயும் மன்னிச்சிடு செல்லம்" என்று சொல்லிவிடாதீர்கள். மண்டேலா மன்னித்தது அநீதி நின்ற பிறகு. கேலி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முதலில் ஆசிரியரிடம் போய் அதை நிறுத்த வேண்டியது நம் வேலை. மன்னிப்பதா என்பது அதற்கப்புறம், அதுவும் மகளின் முடிவு. அண்ணன் தம்பி சண்டையில் இரண்டு பேரையும் பிடித்து நிறுத்திக் கட்டாயமாகக் கைகுலுக்க வைப்பதும் இதே வகைதான்.

கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். வாட்ஸ்அப்பில் மண்டேலா பெயரில் உலவும் பொன்மொழிகளில் பல அவர் சொன்னவை அல்ல, சுவரொட்டி செய்யும் முன் ரிவோனியா உரையிலோ சுயசரிதையிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஜூலை 18ஐ ஐ.நா. மண்டேலா நாளாக அறிவித்திருக்கிறது; அவர் பொதுவாழ்வில் கழித்த 67 ஆண்டுகளுக்காக 67 நிமிடம் யாருக்காவது உதவுவது அன்றைய வழக்கம். பள்ளி திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும். என்ன உதவி என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மண்டேலாவை முடித்ததும் அடுத்து யார் என்று கேட்டால், பெண்கள் ஊர்வலத்தில் போன ஆல்பர்ட்டினா சிசுலுவில் தொடங்கலாம். கணவர் வால்டர் சிசுலு, மண்டேலாவோடு தீவில் இருந்த காலமெல்லாம், செவிலியர் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே காவல்துறையோடு மோதியவர் அவர்.